மூன்றாவது இருமல்

சிவப்புப் புள்ளியை மட்டும் பாருங்க, சுத்தி இருக்கிறதைப் பார்க்காதீங்க என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் மரத்தட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். சொல்வது சுலபம். சுற்றி இருப்பதைப் பார்க்காமல் இருக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் விருதுநகரிலிருந்து பஸ் ஏறி மதுரைக்கு வந்து, இந்த மருத்துவக் கல்லூரியின் மூன்றாவது மாடியில், தலையில் பசையை அப்பிக்கொண்டு உட்காரப்போகிறேன். திரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம். கறுப்பு வெள்ளையாகிறது, வெள்ளை கறுப்பாகிறது, விநாடிக்கு மூன்று தடவை. நடுவில் மட்டும் குங்குமப் பொட்டு அளவுக்கு ஒரு சிவப்பு, அது அசையாமல் நிற்கிறது. இடது கண்ணைப் பஞ்சு வைத்து மூடியிருக்கிறாள். பின்மண்டையில் மூன்று இடத்தில் கம்பி. பசை குளிர்ச்சியாக இருந்தது, இப்போது காய்ந்து முடியை இழுக்கிறது. நூறு மாற்றம் ஒரு சுற்று, ஒரு கண்ணுக்கு ஆறு சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் கொஞ்சம் நிறுத்தம், அப்புறம் அடுத்த கண். "வலிச்சா உடனே சொல்லிருங்கம்மா, நிப்பாட்டிரலாம்" என்றாள். வலி இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வரச் சொன்னார்கள். மூன்று நாளாக வலி இல்லை. தலையில் வலி இல்லாத நாள் என்பது எனக்கு விருந்தாளி வந்த வீடு மாதிரி, எப்போது கிளம்பிப் போவாரோ என்றுதான் இருக்கும். ம்க்கும். தட்டிக்குப் பின்னால் அவள் தொண்டையைச் செருமுகிறாள். ஒன்று.

எண்ணக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். எண்ணிவிடுகிறேன். அம்மா எனக்கு வெயிலுகந்தாள் என்று பெயர் வைத்தாள், எங்கள் ஊர் அம்மன் பெயர். வெயிலை விரும்பி ஏற்றுக்கொண்டவளாம். கிடைத்த தலையைப் பார்த்தால், சித்திரை மாதம் சைக்கிள் கைப்பிடியில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்துக்கே சுருண்டு படுக்கிற தலை. பெயர் வைக்கும்போது அம்மனும் சிரித்திருப்பாள். ஆனால் இதே தலைதான் எனக்குச் சோறு போட்டது, அதையும் சொல்ல வேண்டும். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் செக்கிங் செக்‌ஷனில் இருபத்தாறு வருஷம். ஒரே முருகன், ஒரே மயில், ஒரே வேல், நாளைக்கு நாலாயிரம் தாள். ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். நிறம் விலகியிருந்தால், புள்ளி விழுந்திருந்தால், மை பூசினது போல இருந்தால் கையைத் தூக்க வேண்டும், மிஷினை நிறுத்துவார்கள். மற்றவர்களுக்கு ஆயிரம் தாள் தாண்டினால் கண் திறந்தபடியே தூங்கிவிடும். அதைச் சோதிக்கத்தான் சூப்பர்வைசர் நடுவில் வேண்டுமென்றே ஒரு கெட்ட தாளைச் செருகி வைப்பார், கள்ளத்தாள் என்போம். அதைத் தவறவிட்டால் அன்று மாலை எல்லார் முன்னாலும் பெயரைச் சொல்லுவார். என் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. மூவாயிரத்துத் தொள்ளாயிரமாவது முருகனும் எனக்கு முதல் முருகன்தான். வேலின் நுனியில் ஒரு மயிரிழை மஞ்சள் வழிந்திருந்தாலும் என் கை தானாக மேலே போய்விடும். "வெயிலு அக்கா கண்ணு இல்ல, பூதக்கண்ணாடி" என்று பிள்ளைகள் கேலி பண்ணும். சாயந்தரம் வேனில் வீட்டுக்கு வரும்போது வலது கண்ணுக்குப் பின்னால் ஆணி இறங்க ஆரம்பிக்கும், அது அவர்களுக்குத் தெரியாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். ம்க்கும். இரண்டு. மூன்று.

கட்டம் மாறுகிறது, கட்டம் மாறுகிறது. பார்க்கப் பார்க்கக் கண்ணுக்குப் பழகிவிடும் என்று அவள் ஆரம்பத்தில் ஆறுதல் சொன்னாள். பழகிவிடும். எத்தனை பேர் சொல்லி எத்தனை தடவை கேட்ட வார்த்தை. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் சொன்னாள், பக்கத்து எண்ணெய்ச் செக்குச் சத்தம் பழகிரும் தாயி என்று. எல்லாருக்கும் பழகியது. எருமை மாட்டு மேல் மழை பெய்தது போலத் தூங்குவார்கள், நான் மட்டும் செக்கின் ஒவ்வொரு சுற்றையும் கேட்டுக்கொண்டு கிடப்பேன். அப்புறம் செக்கு நின்றுபோனது, அவருடைய இருமல் வந்தது. என் வீட்டுக்காரர் தவசிலிங்கம், ரேஷன் கடையில் விற்பனையாளர். கோதுமைத் தூசி, சாக்குத் தூசி. பீடி, வெற்றிலை, எதுவும் கிடையாது, ஆனால் இருமல் மட்டும் உண்டு. கஹ்-கஹ். இரண்டு வெட்டு, உலர்ந்தது, பென்சிலை மேசையில் தட்டினது போல. கல்யாணமாகி ஏழாவது வருஷம் தொடங்கியது, இருபத்திரண்டு வருஷம் அப்படியே இருந்தது. தெருவுக்கே பழகிவிட்டது. "இருமல்காரர் கடை தெறந்துட்டாரு, சீனி போடுறாங்க" என்று பெண்கள் பையோடு கிளம்புவார்கள். மகள் பூரணிக்குப் பழகிவிட்டது, அப்பா இருமினால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வீட்டுப்பாடம் எழுதுவாள். அவருக்கே பழகிவிட்டது, "நானா இருமினேன்?" என்று கேட்பார். எனக்குத்தான். ஒவ்வொரு கஹ்-கஹ்வும் அப்போதுதான் முதன்முதலாக யாரோ என் பொட்டில் சுண்டியது மாதிரி. ஒரு நாளைக்கு நூறு இருக்குமா, நூற்றைம்பது இருக்குமா. "ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்பேன். "ஏங் கையிலயா இருக்கு வெயிலு, அதுவா வருது" என்பார். கோபமே வராத மனிதர். அதுவும் எனக்கு எரிச்சல்தான். பதிலுக்கு ஒரு வார்த்தை கத்தியிருந்தால் நானும் கத்தி ஓய்ந்திருப்பேன். அவர் கத்தவில்லை. இருமல் வருகிற மாதிரி இருந்தால் எழுந்து மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பதினாறு படி ஏறி, மாடியில் இருமிவிட்டு, பதினாறு படி இறங்கி வந்து சோற்றில் மறுபடி கை வைப்பார். நான் அதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

ம்க்கும், ம்க்கும். எட்டு. இந்தப் பெண்ணுக்கும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பெயர் ஆக்னஸ் என்றாள், இருபத்தெட்டு இருக்கும், கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, துப்பட்டாவை மடித்து இரண்டு தோளிலும் ஊக்குக் குத்தியிருக்கிறாள். நல்ல பிள்ளை, பசை தடவும்போது முடியை எவ்வளவு பக்குவமாக விலக்கினாள். இருந்தாலும் ஆளை அசையாதே, சிமிட்டாதே என்று சட்டம் போட்டுவிட்டுத் தான் மட்டும் செருமிக்கொண்டே இருந்தால் எப்படி. ஏம்மா, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாயேன் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். வேண்டாம் வெயிலு. உன் வாயால் பட்டது போதும். ஒன்பது. இந்த ஒன்பதாவது என்னவோ. சரி, ஒன்றுமில்லை. சிவப்புப் புள்ளி. ஆறாவது சுற்று ஓடுகிறது, கட்டங்களின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கரை தெரிகிறது. எனக்கு முதல் சுற்றில் எப்படிக் குத்தியதோ இப்போதும் அப்படியேதான் குத்துகிறது, கூடுதலாகவே குத்துகிறது என்றுகூடச் சொல்லலாம்.

திரை சாம்பல் நிறமானது. ஆக்னஸ் வந்து பஞ்சை எடுத்தாள், இடது கண்ணுக்கு வெளிச்சம் கூசியது, வலது கண்ணில் பஞ்சை வைத்தாள். "முடியுதாம்மா? ஏதாச்சும் குடிக்கிறீங்களா?" என்றாள். வேண்டாம் என்றேன். முந்தின வாரம் டாக்டர் சொன்னதைத்தான் அவளிடம் மறுபடி கேட்டேன், இதில் என்னதான் தெரியும் என்று. அவள் பசை தடவிக்கொண்டே சொன்னாள். "ஒண்ணுமில்லம்மா. ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தா சாதாரணமா மூளை, சரி இதுதானன்னு விட்டுரும். அலை சின்னதாகிக்கிட்டே போகும். ஒத்தத் தலைவலிக்காரங்கள்ல நெறைய பேருக்கு அப்படி விடாதாம், வலி இல்லாத நாள்லயும். அது உண்மையான்னு பார்க்கத்தான் உங்கள மாதிரி முப்பது பேர், வலி இல்லாதவங்க முப்பது பேர்." பேப்பர் தருவீங்களா என்றேன். "ரிப்போர்ட்டா? ஆராய்ச்சிக்குத்தானம்மா எடுக்குறோம். வேணும்னா படத்த ஒரு காப்பி எடுத்துத் தாரேன். எதுக்கும்மா?" பொண்ணுக்குக் காட்டணும் என்றேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. என்ன சொல்ல. அவருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தியில் கடைசி ஆள் எழுந்த பிறகு, சம்பந்திமார் எல்லாம் கூடத்தில் இருக்கும்போதே, பூரணி என்னைப் பார்த்து, "எங்கப்பாவ நீ இருமக்கூட விடலையேம்மா" என்றாள். சத்தம் போடவில்லை. அவள் அப்பா மாதிரியே, சத்தம் போடாமல். என் கூடப் பிறந்த தம்பிகூட உத்தரத்தைப் பார்த்தான். பதினாலு மாதமாகிறது. வாரம் ஒருமுறை போன் பண்ணுவாள், மாத்திரை இருக்கா, கேஸ் வந்துச்சா, சரி வச்சிரவா. மாப்பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிடுவாள். நான் கெட்டவள் இல்லை பூரணி, என் மூளை அப்படி, டாக்டரே போட்டுக் கொடுத்திருக்கார் பார் என்று ஒரு தாளை நீட்ட வேண்டும். அதற்குத்தான் வந்தேன். ஆராய்ச்சிக்கு உதவ வந்தேன் என்று டாக்டரிடம் சொன்னது பொய்.

மறுபடி கட்டம். இடது கண். கறுப்பு வெள்ளை கறுப்பு வெள்ளை. தாள் கையில் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். பூரணி வாங்கிப் பார்ப்பாள். படித்த பிள்ளை, புரிந்துகொள்வாள். அம்மாவுக்குப் பழகவே பழகாதாம், அது அம்மா குற்றம் இல்லையாம். சரி. அப்புறம்? அம்மாவுக்கு ஒவ்வொரு இருமலும் புதிதாகக் கேட்குமாம். சரி. அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. பங்குனிப் பொங்கலுக்கு அதில் என்ன வேலை. பங்குனிப் பொங்கல் ஏன் இப்போது நினைவுக்கு வருகிறது. காலையில் பஸ்ஸில் வரும்போது மாரியம்மன் கோயில் பக்கம் பந்தல் கால் கட்டிக்கொண்டிருந்தார்கள், அதனால் இருக்கும். சிவப்புப் புள்ளி. ம்க்கும், பன்னிரண்டு. இரண்டு வருஷம் முன்னால் பங்குனிப் பொங்கல் அன்று எனக்கு நல்ல வலி. தெரு முழுக்க ஒலிபெருக்கி, அக்கினிச்சட்டி எடுக்கிறவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள், உறுமியும் மேளமும். நான் உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, ஈரத்துணியை நெற்றியில் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அவர் மாடிக்குப் போனார், எனக்காகத்தான். அவ்வளவு சத்தத்தில் அவர் இங்கேயே இருமியிருக்கலாம், யாருக்குக் கேட்கப்போகிறது. போனார். நான் தூங்கிவிட்டேன். இல்லை, தூங்கவில்லை. வலியில் யார் தூங்கினார்கள். படுத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவுதான். மேளம் கேட்டது. உறுமி கேட்டது.

இங்கே வந்துதான் எப்போதும் நிற்கும். இந்தப் பதினாலு மாதமும் இந்த இடத்துக்கு வந்ததும் மேளத்தைக் கேட்கச் சொல்லி மனசைத் திருப்பிவிடுவேன். பத்துப் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். இப்போது எங்கே போக, தலையில் கம்பி, அசையக் கூடாது. கறுப்பு வெள்ளை. நாலாயிரம் முருகன். சூப்பர்வைசர் நடுவில் செருகி வைத்த கள்ளத்தாளை நான் தவறவிட்டதில்லை. ஒரு நாளும் விட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவளிடம்கூடச் சொல்லுவேனே, அப்படியானால் அன்று மட்டும் எப்படி விட்டேன். விடவில்லை. கேட்டது. மேளத்துக்கும் உறுமிக்கும் நடுவில், மாடியிலிருந்து, கஹ்-கஹ், அதற்குப் பின்னால் மூன்றாவதாக ஒன்று. ஈரமாக, இழுத்துக்கொண்டு, சாக்கைத் தரையில் தரதரவென்று இழுத்த மாதிரி. இருபத்திரண்டு வருஷம் இரண்டே வெட்டாக இருந்தது அன்று மூன்றாக இருந்தது. வேலின் நுனியில் மஞ்சள் வழிந்திருந்தது. நான் பார்த்தேன். இதென்ன புதுசா ஒண்ணு என்று நினைத்தேன், இதே வார்த்தைகளில் நினைத்தேன். நினைத்துவிட்டுத் தலையணையைக் காது மேல் போட்டுக்கொண்டேன். அய்யோ. கை தூக்கவில்லையே. ஒரே ஒரு தடவை எழுந்து, "ஏங்க, இருமல் வேற மாதிரி இருக்கே" என்று கேட்டிருந்தால் போதும். யாருக்கும் கேட்காது, தெருவுக்குக் கேட்காது, பூரணிக்குக் கேட்காது, அவருக்கே கேட்காது. அவர்கள் எல்லாருக்கும் பழகிவிட்டது. அந்த வீட்டில் அதைக் கேட்கக்கூடிய காது ஒன்றே ஒன்று, அது என்னுடையது. அந்தக் காதுக்கு எட்டாமல் இரும வேண்டும் என்றுதான் நான் அவரை மாடிக்கு அனுப்பினேன்.

அதற்கப்புறம் நான் அந்த மூன்றாவதைக் கேட்கவில்லை என்று சொல்லவும் முடியாது. இரண்டு மூன்று தடவை கேட்டது. வைகாசியில் ஒருமுறை, குளியலறைக்குள்ளிருந்து. அப்புறம் அவர் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு இருமப் பழகிவிட்டார், சத்தம் குறைந்தது. வீடு அமைதியாக இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். சந்தோஷமாக இருந்தது. ஒருநாள் காப்பி கொடுக்கும்போது, "இப்பல்லாம் உங்களுக்கு இருமல் தேவலை போல" என்று சொன்னேன். அவர் சிரித்தார். தம்ளரை வாங்கிக்கொண்டு, "ஒனக்குத் தலவலி தேவலையா?" என்று திருப்பிக் கேட்டார். ஆவணியில் துண்டில் ரத்தம் இருந்ததை நான் துவைக்கப் போட்டபோதுதான் பார்த்தேன். நுரையீரலில் கட்டி, பரவிவிட்டது, நாலைந்து மாசத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று அவரைப் பார்த்த டாக்டர் சொன்னபோது என் கை விரல் தானாக மடங்கியது. ஆவணி, ஆடி, ஆனி, வைகாசி, சித்திரை, பங்குனி. தை மாதம் ஏழாம் தேதி காலையில் பத்து மணிக்கு வீடு உண்மையாகவே அமைதியாகிவிட்டது. அதற்கப்புறம் இருமலே இல்லாத அந்த வீட்டில் எனக்கு ஒரு நாளும் சரியாகத் தூக்கம் வந்ததில்லை.

ம்க்கும். பதினான்கு. கண்ணில் தண்ணீர் நிறைந்து சிவப்புப் புள்ளி இரண்டாகத் தெரிகிறது. "அம்மா, சிமிட்டாம பாருங்க, அலை ஆடுது" என்று தட்டிக்குப் பின்னாலிருந்து குரல். சரி தாயி. பதினைந்து, பதினாறு, பதினேழு. பதினெட்டு. இந்தப் பதினெட்டாவது. இதே மாதிரிதான் பதினான்காவதும் இருந்தது. அந்தக் கண்ணில் ஒன்பதாவதும். மற்றதெல்லாம் வெறும் செருமல், தொண்டையோடு நிற்கிறது. இந்த மூன்று மட்டும் கீழே நெஞ்சுக்குப் போய் எதையோ இழுத்துக்கொண்டு வந்து பாதியில் நிற்கிறது, அவள் வாயை மூடி அமுக்குகிறாள். வெயிலு, உனக்குக் கிறுக்கு. நினைப்பெல்லாம் அவரிடத்தில் இருக்கிறது, அதனால் கேட்கிற சத்தமெல்லாம் அவர் சத்தமாகத் தெரிகிறது. யார் வீட்டுப் பிள்ளையோ, ஏசி அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறது, சளி பிடித்திருக்கும். வந்த இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு. நம்மைப் பார்த்து இந்தக் கிழவிக்கு என்ன வம்பு என்று நினைத்துக்கொள்வாள். பத்தொன்பது சும்மா செருமல். இருபது சும்மா. இருபத்தொன்று சும்மா, பார்த்தாயா, நீயாகக் கற்பனை பண்ணிக்கொண்டாய். இருபத்திரண்டு. இழுக்கிறது. சாக்கைத் தரையில் இழுத்த மாதிரி.

திரை நின்றது. விளக்கைப் போட்டாள். கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெந்நீர் தொட்ட பஞ்சால் பசையைத் துடைத்தாள். இருபத்துமூன்றாவதை என் தலைக்குப் பின்னாலேயே செருமினாள், அது வெறும் செருமல். நான் எழுந்து தட்டிக்கு அந்தப் பக்கம் போனேன். கம்ப்யூட்டரில் பச்சை நிறத்தில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஆறு அலை. "டாக்டர்தாம்மா சொல்லணும், நான் சொல்லக் கூடாது" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பாருங்க, இது என்னோடது. போன மாசம் நானே உக்காந்து எடுத்தேன், வலி இல்லாதவங்க கணக்குல. மேல மொதச் சுத்து, இவ்ளோ ஒசரம். கீழ ஆறாவது, பாதியாப் போச்சு பாத்தீங்களா? மூளை தூங்கிருச்சு. இது ஒங்களோடது. மேலயும் கீழயும் பாருங்க." மேலே இருந்ததைவிடக் கீழே இருந்தது ஒரு நூல் உயரமாகவே இருந்தது. "ஒங்களுக்கு அறுநூறாவதும் மொதல்ல வந்தது மாதிரிதாம்மா கேட்டிருக்கு, சாரி, தெரிஞ்சிருக்கு. கஷ்டம்தான் உங்களுக்கு" என்றாள். படத்தை ஒரு தாளில் எடுத்து என் கையில் கொடுத்தாள். இதற்குத்தான் வந்தேன். நான் பொல்லாதவள் இல்லை என்பதற்குச் சாட்சி, அச்சடித்த சாட்சி. என் வாழ்நாளில் எத்தனையோ லட்சம் தாளைக் கையில் பிடித்திருக்கிறேன், இந்த ஒரு தாள் கனத்தது. உனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல இனி வழியில்லை வெயிலு, உனக்கு எல்லாம் கேட்டது என்று அதில் போட்டிருக்கிறது.

"வேற ஏதாச்சும் கேக்கணுமாம்மா?" என்றாள் ஆக்னஸ். அவள் திரும்பிக் கம்பிகளைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டாள். என் வலது கை மேலே போயிருந்தது. தோளுக்கு மேலே, விரலெல்லாம் விரிந்து, மிஷினை நிறுத்தச் சொல்லி. அவள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "என்னம்மா, பள்ளிக்கூடம் மாதிரி கை தூக்குறீங்க?" எத்தனை நாளா இருமல் தாயி என்றேன். "எது, இதா? இது டஸ்ட்டும்மா, காலேஜ் படிக்கும்போதிருந்து இருக்கு. வீட்ல யாரும் கண்டுக்கிறதே இல்ல. எனக்கே கேக்குறதில்ல, பழகிப்போச்சு." நான் உட்கார்ந்த நேரத்திலிருந்து இருபத்துமூன்று தடவை என்றேன். அதில் ஒன்பது, பதினான்கு, பதினெட்டு, இருபத்திரண்டு, இந்த நாலும் வேறு என்றேன். சுருட்டின கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கேலி பண்ணுவதா பயப்படுவதா என்று தெரியாத முகம். "நீங்க எண்ணுனீங்களா?" இப்பத்தான ஓம் மிஷின் சொல்லுச்சு என்றேன், எனக்கு அறுநூறாவதும் மொத தடவ மாதிரின்னு. அது உண்மைன்னா இதும் உண்மை. ராத்திரி காய்ச்சல் அடிக்குதா, எடை கொறஞ்சிருக்கா? அவள் கை சுடிதாரின் இடுப்புப் பக்கம் போயிற்று, அங்கே துணியை ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே பிடித்துப் புதிதாகத் தைத்திருந்தது. "டயட்ல இருக்கேன்னு அம்மாட்ட சொன்னேன்" என்றாள் மெதுவாக.

கீழே நெஞ்சு நோய்க்கு ஓபி எத்தனை மணி வரைக்கும் என்றேன். பன்னிரண்டு என்றாள். மணி பதினொன்று பத்து. "அடுத்து ஒரு பேஷண்ட் இருக்காங்கம்மா, நாளைக்குப் போறேனே." நாளைக்கு என்று தள்ளிப்போட்டவர்கள் எத்தனை பேர் போயிருக்கிறார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம், அரை மணி நேரம் பொறுத்துக்க தாயி, ஒரு அவசரம் என்று நானே போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் என்னை டாக்டர் என்று நினைத்திருக்க வேண்டும், தலையை ஆட்டினாள். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தேன். பூரணிக்கு அதைக் காட்டத்தான் போகிறேன், ஆனால் நினைத்து வந்தபடி இல்லை. அன்று மாடியில் கேட்டதைச் சொல்லிவிட்டுத்தான் காட்டுவேன். அவள் மாப்பிள்ளையிடம் போனைக் கொடுக்காமல் இருந்தால் பார்க்கலாம். ஆக்னஸ் அறையைப் பூட்டிவிட்டு என்னோடு படியிறங்கினாள். முதல் திருப்பத்தில் அவளுக்கு வந்தது. சட்டென்று துப்பட்டாவை எடுத்து வாயைப் பொத்தி, தோள் குலுங்க அதை உள்ளேயே அமுக்கினாள், கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. "சாரிம்மா. ஒங்களுக்குச் சத்தம் ஆகாதில்ல" என்றாள். அவள் கையைப் பிடித்து வாயிலிருந்து இறக்கினேன். என் பொட்டில் ஆணி இறங்க ஆரம்பித்திருந்தது, இறங்கட்டும்.

"அடக்காத தாயி, நல்லா இருமு" என்றேன்.